சிரிக்கிற படமும் சாட்சிதான்

நம்ம சனம் பேப்பரில் படமா வரணும்னா, ஒண்ணு சாகணும். இல்ல குடிசை எரியணும். 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 உயிர் போச்சு. அந்தத் தடியடியை ஆர்.ஆர். சீனிவாசனின் 'ஒரு நதியின் மரணம்' ஆவணப்படம் மறைக்க முடியாத சாட்சியாக்கியது. அந்தச் சாட்சி கட்டாயம் வேணும். ஆனா சாவு மட்டுந்தானா நம்ம வரலாறு?

குத்துக்கல்வலசையில் எங்க வீட்டுல இப்ப ஒரு மிரர்லெஸ் கேமரா இருக்கு. பழைய எஸ்.எல்.ஆர். மாதிரி உள்ளே கண்ணாடி எழும்பி 'டக்'னு அடிக்காது. எடையும் குறைவு. ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கும் அதுதான். சாரல் விழுந்தா குடும்பத்தோட குற்றாலத்துக்கும் அதுதான்.

ஊர்க் கிணத்துல வாளி போட விடாம விரட்டப்பட்ட சனத்தின் தலையிலும் இன்று அருவி விழுது. ஐந்தருவியில் குளிச்சுத் தலை துவட்டிக்கிட்டு நின்ன அம்மையைப் பாத்துக் கேமராவைத் தூக்கினேன்.

"ஏல, செத்த பொறவு மாலை போடவா?"ன்னா.

"இல்லம்மா, இருக்கும்போதே பாக்க"ன்னேன். வாய் கொள்ளாமச் சிரிச்சா.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ் தன்னைச் சுமார் 160 படங்கள் எடுக்க வைத்தார். கறுப்பரைக் கேலிப்படமாக வரைந்தவர்களுக்கு அந்த நிமிர்ந்த முகமே பதில்.

நம்ம முகத்தையும் நாமதான் எடுக்கணும். அடிபட்ட படத்துக்குப் போடுற மாதிரியே அருவிப் படத்துக்கும் பேர், ஊர், தேதி எழுதி வைங்க தோழர்களே. நாளைக்கு நம்ம பிள்ளைக நம்மளைத் தேடும்போது பிணங்களை மட்டும் பாக்கக் கூடாது.