சிறுவாணி என்று பேர் வைத்தேன்

திங்கள்

லேப்டாப்பின் டெர்மினலில் காலையில் ஒரு பெயர், மதியம் ஒரு பெயர். வீட்டு வைஃபையில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று நின்றது, அலுவலகம் வந்ததும் ‘டிஹெச்சிபி’ என்று தொடங்கி ஐபி முகவரியின் கடைசி எண்களில் முடிகிறது. நான் எதையும் தொடவில்லை. லினக்ஸ் போட்டுக் கொடுத்த கடையில் கணினிப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். பெயர் இல்லாததற்குப் போகிற இடத்தில் இருப்பவர்கள் பெயர் வைக்கிறார்கள்.

வைஃபையில் சேர்ந்ததும் லேப்டாப், ‘இங்கே முகவரி கொடுப்பவர் யார்?’ என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். டிஹெச்சிபி சர்வர் பதில் சொல்லும்: உன் ஐபி இது, வெளியே போகிற வழி இது, டிஎன்எஸ் இது, இவ்வளவு நேரத்துக்குத்தான் செல்லும். இந்தப் பேச்சில் 12 என்ற எண்ணுள்ள பகுதியை, 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2132 என்ற இணைய விதி ஆவணம் கணினிப் பெயருக்கு ஒதுக்கியிருக்கிறது. லேப்டாப் தன் பெயரை அதில் சொல்லலாம். ‘உன் பெயர் இதுதான்’ என்று சர்வரும் அதிலேயே எழுதி அனுப்பலாம். அப்படி எதுவும் வராவிட்டால், லினக்ஸில் வைஃபை இணைப்பைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜர் அந்த ஐபிக்கு யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்று டிஎன்எஸ்ஸில் தேடி, கிடைப்பதை வைத்துக்கொள்ளும்.

செவ்வாய்

பெயர் மாறினால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று பக்கத்து சீட்டு நண்பர் கேட்டார். நேற்றைய கணக்கைக் காட்டினேன்.

என் பேக்கப் ஸ்கிரிப்ட், கணினியின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து அதில்தான் சேமிக்கும். பெயர் மாறியதும் இது வேறு கணினி என்று நினைத்து, புது ஃபோல்டர் திறந்து எல்லாவற்றையும் ஆதியிலிருந்து நகலெடுக்க ஆரம்பித்துவிட்டது. பிரௌசரோ, ‘இந்தக் கணக்கு வேறொரு கணினியில் திறந்திருக்கிறது’ என்று திறக்கவே மறுத்தது. அது ஓடும்போது கணினிப் பெயரையும் தன் ப்ராசஸ் எண்ணையும் சேர்த்து ஒரு பூட்டுக் கோப்பு எழுதி வைக்கும். லேப்டாப்பை மூடித் தூங்க வைத்து வேறு வைஃபையில் எழுப்பியதால், பூட்டில் இருந்தது பழைய பெயர், வந்து நின்றது புதுப் பெயர்.

நண்பர் டீ சொல்லப் போய்விட்டார்.

புதன்

ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்று அடித்துப் பார்த்தேன். சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் ஒரு கணினிக்கு மூன்று பெயர் இருக்கலாம். ஒன்று நிலையானது, ஈடிசி ஃபோல்டரில் ஹோஸ்ட்நேம் என்ற கோப்பில் எழுதப்படுவது. இன்னொன்று தற்காலிகமானது, டிஹெச்சிபி போன்றவற்றால் வந்து ஒட்டிக்கொள்வது. மூன்றாவது அலங்காரப் பெயர். என் லேப்டாப்பில் முதலாவது காலி, மூன்றாவது காலி, இரண்டாவது மட்டும் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்தது. நிலையான பெயர் ஒன்று எழுதப்பட்டுவிட்டால் தற்காலிகப் பெயருக்கு மரியாதை கிடையாது. வைத்தியம் அவ்வளவுதான்.

அலங்காரப் பெயரில் இடைவெளி விடலாம், தமிழிலேயே எழுதலாம். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ஒரு பெயரும் வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் இருப்பதைப் போலத்தான். ரிஜிஸ்டர் பெயருக்குக் கெடுபிடி அதிகம்: ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு தவிர வேறெதுவும் கூடாது, லினக்ஸில் 64 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. 1985-இன் விதி 24 எழுத்தோடு நிறுத்தியது, முதல் எழுத்து எண்ணாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. 1989-இல்தான் எண்ணில் தொடங்க அனுமதி வந்தது.

வியாழன்

பெயர் தேடும் படலம். இதற்கும் ஓர் ஆர்எஃப்சி இருக்கிறது: 1178, டான் லிப்ஸ் எழுதியது, 1990. உங்கள் பெயரையே வைக்காதீர்கள், நீளமாக வைக்காதீர்கள், இரண்டு விதமாக எழுத முடிகிற சொல்லை எடுக்காதீர்கள், ஒரே இனத்துப் பெயர்களாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது மாதிரியே இருக்கிறது.

கோயமுத்தூர்க்காரனுக்கு ஆற்றுப் பெயர்களுக்கா பஞ்சம்? ஆழியாறு என்று ஆரம்பித்தேன். ‘ழ’வுக்கு எல்லா, இசட்ஹெச்சா, ‘ஆ’வுக்கு ஒற்றை ஏயா இரட்டை ஏயா? லிப்ஸ் எச்சரித்தது இதைத்தான். நொய்யலில் இரண்டு ஒய் வரும். ஃபோனில் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பவானி எழுத எளிது, ஆனால் அது என் மாமியாரின் பெயர். ‘பவானி ஹேங் ஆகிவிட்டது’ என்று வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது. கடைசியில் சிறுவாணி. தினம் குடிக்கிற தண்ணீர், எழுத்துக் குழப்பமும் பெரிதாக இல்லை.

வெள்ளி

ஒற்றைக் கட்டளையில் நிலையான பெயர் ஏறிவிட்டது. ஹோஸ்ட்ஸ் கோப்பில்தான் ஒரு வரி யோசிக்க வைத்தது. கணினி தன் பெயரைத் தானே தேடினால் ஒரு முகவரி கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடோ அடிக்கும்போதெல்லாம், பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று புலம்பும். ஒரே இடத்தில் கிடக்கும் சர்வர் என்றால் அதன் நிரந்தர ஐபியை எழுதலாம். ஊர் சுற்றுகிற லேப்டாப்புக்கு எந்த ஐபியை எழுதுவது? டெபியன்காரர்கள் இதற்கு 127.0.1.1 என்று எழுதுவார்கள். 127-இல் தொடங்கும் முகவரி எதுவும் கணினியை விட்டு வெளியே போகாது; வைஃபையே இல்லாத மலைப்பாதையிலும் அது இருக்கும். நானும் அதையே எழுதினேன்.

சனி, கரூர்

மச்சினன் வீடு. சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஃபோனை நீட்டினான். ரூட்டரின் பட்டியல்: ஐபி, மேக் முகவரி, பெயர், மிச்ச நேரம்.

“மாமா, சிறுவாணின்னு ஒண்ணு கெடக்குதுங்களே, அது யாருதுங்க? பக்கத்து ஊட்டுக்காரன் பாஸ்வேர்டு கண்டுபுடிச்சுட்டானோ?”

என்னுடையதுதான் என்றேன். மற்ற வரிகளையும் பார்த்தேன். ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கி ஏழு எழுத்து எண் கலவையில் முடிவது விண்டோஸ் தானாக வைத்தது. அதிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இன்னாரின் ஐபோன் என்று முழுப் பெயரோடு இருந்தது, போன மாதம் வந்துபோன விருந்தாளியுடையது. ஆள் போய்விட்டார், பெயர் பட்டியலிலேயே இருக்கிறது.

லேப்டாப்பின் பெயர் மாறாமல் இருக்க ஏற்பாடு செய்துவிட்டேன்; அது போகிற இடமெல்லாம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8117 இதைத்தான் கண்டிக்கிறது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து ஃபோன்கள் வைஃபைக்கு வைஃபை மேக் முகவரியை மாற்றிக்கொள்கின்றன. முகத்தை மறைத்துக்கொண்டு பெயரை உரக்கச் சொன்னால் மறைத்து என்ன பயன்?

ஞாயிறு, திருச்சி

கல்யாணத்துக்கு வந்து லாட்ஜில் தங்கல். இந்த வைஃபைக்கு மட்டும், டிஹெச்சிபியில் பெயர் அனுப்பாதே என்று நெட்வொர்க்மேனேஜரில் அணைத்துவிட்டேன். அவாஹியையும் நிறுத்தினேன், ‘சிறுவாணி டாட் லோக்கல்’ என்று 224.0.0.251-க்கு அறிவித்துக்கொண்டிருப்பது அதுதான். இவ்வளவும் செய்துவிட்டுப் பிரௌசரைத் திறந்தால், லாட்ஜ் பக்கம் மொபைல் நம்பர் கேட்கிறது, ஓடிபி கேட்கிறது. கொடுத்தேன்.

அப்படியானால் பெயரை மறைத்தது வீண்வேலையா? இல்லை. லாட்ஜ்காரருக்கு நான் யாரென்று தெரியும், ரிஜிஸ்டரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்து அறைக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. வைஃபை நடத்துபவர் வேறு, கூட இருப்பவர் வேறு. பெயர் அனுப்புவதை நிறுத்துவது இரண்டாமவருக்காக.

திங்கள்

ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாக முடிவு எழுதிவிட்டேன். வீட்டில் சிறுவாணி தாராளமாகப் பேசலாம். மனைவியின் கணினியிலிருந்து ஐபி எதையும் தேடாமல், பெயர் சொல்லியே கோப்பு அனுப்ப முடிகிறது. கரூரிலும் அப்படியே. அலுவலகத்தில் மட்டும் டிஹெச்சிபிக்கு வேறு பெயர் அனுப்பும்படி வைத்தேன்: லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும் எண். அலுவலகத்துக்காரர்கள் தேடுவது அதைத்தான். மற்ற எல்லா இடத்திலும் மௌனம். டெர்மினலில் எங்கே போனாலும் சிறுவாணி. பேக்கப் ஒரே ஃபோல்டரில் போய்ச் சேர்கிறது.

மனைவி தன் கணினிக்கும் பெயர் வைத்துத் தரச் சொன்னாள். அமராவதி, கௌசிகா என்று அடுக்கினேன். அவளுக்குப் பவானிதான் வேண்டுமாம். உங்கம்மா பெயராயிற்றே என்றேன். “அதனாலதான்” என்றாள். லிப்ஸின் பட்டியலை மறுபடி புரட்டினேன். எந்த விதிக்கும் விலக்குக்கு எப்போதும் இடம் உண்டு என்பதுதான் அவருடைய கடைசி விதி. பவானி என்றே வைத்தாயிற்று.