காந்தம் தளர்ந்தபோது

இங்கிலாந்தில் வாழ்ந்த நாள்களில், அண்டை வீட்டு முதியவர் தம் சிறுவயதுப் பொம்மை இரயில் எஞ்சினை நம்பிக்கையோடு எங்கள் இருவரிடமும் ஒப்படைத்தார். மார்கேட் நகரில் 1950களில் உருவான டிரையாங் எஞ்சின் அது. 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. ஐந்தே நிமிடத்தில் கை பொறுக்காத சூடு!

பிசினாய் உறைந்திருந்த பழைய எண்ணெயைத் துடைத்தோம். கார்பன் பிரஷ் உதிர்த்த கரித்தூள் கம்யூட்டேட்டரின் மூன்று பிளவுகளிலும் அடைந்து கிடந்தது. பல்குத்தும் குச்சியால் நீக்கினோம். அத்தோடு நின்றிருக்கலாம். ஆர்வம் விடவில்லை, காந்தத்தையும் கழற்றி மேசைமேல் வைத்தோம். அங்கேதான் தவறினோம். அக்காலத்து ஆல்நிக்கோ காந்தம், தன்னை அணைத்திருக்கும் இரும்புத் துண்டுகளைப் பிரிந்தால் வலிமை குன்றிவிடும். காந்தம் தளர்ந்தால், அதே சுமையை இழுக்க மோட்டார் மிகுதியான மின்சாரத்தை உறிஞ்சும், கம்பிச்சுருள் கொதிக்கும். மீண்டும் பூட்டிய எஞ்சின் முன்னிலும் விரைவாகச் சுட்டது.

முதியவரிடம் உண்மையைச் சொல்ல இரண்டு நாள் தயங்கினோம். சொன்னபோது அவர் சினக்கவில்லை; அதுவே எங்களுக்கு அதிகம் வலித்தது. பின்னர் நியோடிமியம் காந்தத் துண்டொன்றை வாங்கிப் பொருத்தினோம். சூடு தணிந்தது. ஆயினும் அவர் அடிக்கடி வண்டியை நிறுத்தி, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.