நிலக்கரி போயிற்று, நோய் தங்கிவிட்டது

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடி மலைப்பகுதி மெக்டவல் கவுண்டி. நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிதான் கவுண்டி. 2010ஆம் ஆண்டுக் கணக்குப்படி இங்கே ஆணின் சராசரி ஆயுள் 64, பெண்ணுக்கு 73. அதே காலத்தில் வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்பேக்ஸ் கவுண்டியில் ஆணின் ஆயுள் 82. இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் 350 மைல்தான். அந்தப் பதினெட்டு ஆண்டு எங்கே தொலைகிறது என்று பார்க்க, புளூஃபீல்டிலிருந்து 52ஆம் எண் நெடுஞ்சாலையில் கிளம்பினேன்.

பக்கத்து மெர்சர் கவுண்டியைச் சேர்ந்த ஊர் புளூஃபீல்ட். மெக்டவல்காரர்கள் பெரிய வைத்தியத்துக்கு வந்துபோன ஆஸ்பத்திரி ஒன்று இங்கே இருந்தது. 2020 ஜூலையில் அதன் உள்நோயாளிப் பிரிவை மூடி, அவசர சிகிச்சையை மட்டும் விட்டுவைத்தார்கள். இப்போது படுக்கை வேண்டுமானால் பிரின்ஸ்டன் என்ற ஊர் வரை போக வேண்டும்.

இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை எதுவும் மெக்டவலுக்குள் வருவதில்லை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் ஓடையும் தண்டவாளமும், நடுவே வளைந்து வளைந்து போகும் இருவழிச் சாலை. லாரி முன்னால் போனால் அதன் பின்னாலேயே போக வேண்டியதுதான். ஆம்புலன்ஸுக்கும் வேறு வழியில்லை. ‘ஹாலர்’ என்று இவர்கள் சொல்லும் மலையிடுக்குகளில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. பல இடங்களில் என் போனில் சிக்னலே இல்லை. நெஞ்சு வலித்தால், உதவிக்குக் கூப்பிடுவதற்கே வாசல் தாண்டி ஓட வேண்டும்.

வழியில் மலையிலிருந்து நீட்டியிருந்த குழாய் ஒன்றில் தண்ணீர் கொட்டியது. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் கேன்களில் பிடித்துக்கொண்டிருந்தார். “வீட்டுத் தண்ணீர் குளிக்க, இது குடிக்க” என்றார். அவர் சொல்வதில் வியப்பில்லை. கீஸ்டோன், நார்த்ஃபோர்க் ஊர்களில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இந்த ஊர்களின் குழாய்கள் நிலக்கரிக் கம்பெனிகள் தங்கள் குடியிருப்புகளுக்காகப் போட்டவை. கம்பெனிகள் போனபின் அவற்றைப் பராமரிக்கச் சின்னஞ்சிறு ஊராட்சிகளிடம் பணம் இருக்கவில்லை.

கிம்பால் என்ற ஊரில் வால்மார்ட் பேரங்காடி இருந்த இடத்தில் இறங்கினேன். 2016 ஜனவரியில் அதை மூடியபோது வேலைகளோடு பச்சைக் காய்கறி வாங்கும் இடமும் போயிற்று. சாலையோர டாலர் கடைக்குள் போய்ப் பார்த்தேன். சிப்ஸ், சோடா, டின் உணவு வரிசை வரிசையாக இருந்தன. கீரை கண்ணில் படவில்லை. அதிபர் கென்னடி கொண்டுவந்த உணவுக் கூப்பன் திட்டத்தின் முதல் கூப்பன்கள் 1961இல் இந்தக் கவுண்டிக் குடும்பம் ஒன்றுக்குத்தான் கொடுக்கப்பட்டன. அந்த உதவி இன்றும் இருக்கிறது. அதைக் கொண்டு என்ன வாங்க முடிகிறது என்பதைச் சர்க்கரை நோயாளிகளின் உடம்பு சொல்கிறது.

கவுண்டியின் தலைமை ஊர் வெல்ச். 1950இல் கவுண்டியின் மக்கள்தொகை 98,887, 2020இல் 19,111. கடைத்தெருவில் பூட்டிய கதவுகளே அதிகம். மலைச்சரிவில் மாநில அரசு நடத்தும் பொது மருத்துவமனை நிற்கிறது. சுரங்கத் தொழிலாளருக்காக மருத்துவமனைகள் கட்ட 1899இல் மாநிலம் சட்டம் போட்டது. 1902இல் வெல்ச்சில் திறந்த மருத்துவமனையின் வழிவந்தது இது. ஆனால் அங்கே எல்லாச் சிறப்பு வைத்தியமும் கிடைப்பதில்லை. இதயம், புற்றுநோய் என்று வந்துவிட்டால் மலை இறங்கியே ஆக வேண்டும்.

செவிலி ஒருவரிடம் பேசினேன். “சர்க்கரைக்காரர் தேதிக்கு வராவிட்டால் நான் முதலில் கேட்பது வண்டியைப் பற்றித்தான்” என்றார். ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீடு வண்டியும் ஏற்பாடு செய்யும். ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நோய் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

டாக்டர் பஞ்சத்தைத் தீர்க்க ஒரு ஏற்பாடு உண்டு. ஜே-1 விசாவில் மேற்படிப்புக்கு வந்த வெளிநாட்டு மருத்துவர், பற்றாக்குறைப் பகுதியில் மூன்றாண்டு வேலை செய்தால் நாடு திரும்ப வேண்டிய கட்டாயத்திலிருந்து விலக்குப் பெறலாம். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி ஊர்களில் இந்திய மருத்துவர்களைக் காண்பது பல பத்தாண்டுகளாகவே சகஜம். மூன்றாண்டு முடிந்ததும் நகரத்துக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. பிள்ளைகளின் படிப்பை நினைத்தால் குறை சொல்ல முடியவில்லை.

கேரி என்ற ஊரில் மத்திய நிதியுதவி பெறும் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். வருமானத்துக்கு ஏற்றபடிதான் கட்டணம். காத்திருந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். ‘கறுப்பு நுரையீரல்’ நோய். 1968இல் ஃபார்மிங்டன் சுரங்க விபத்தில் 78 பேர் இறந்தார்கள். அதையடுத்து 1969இல் வந்த சட்டம் சுரங்கத் தூசுக்கு வரம்பு கட்டியது, நோயும் குறைந்தது. இந்த நூற்றாண்டில் அது மறுபடி தலைதூக்கிவிட்டது. நல்ல படிவுகள் தீர்ந்துபோய், மெல்லிய படிவுகளை எடுக்கப் பாறையையும் சேர்த்து அறுக்கிறார்கள். நிலக்கரித் தூசைவிடக் கொடிய சிலிக்கா தூசு நெஞ்சில் இறங்குகிறது. நடு அப்பலாச்சிய மலைப்பகுதியில் 25 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் என்று 2018இல் அரசு ஆய்வாளர்கள் கண்டார்கள். சிலிக்கா வரம்பைப் பாதியாகக் குறைக்கும் விதி 2024இல் வந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் 2025 ஏப்ரலில் அமலாகியிருக்க வேண்டியது தள்ளிப்போயிற்று.

அடிபட்ட முதுகுக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரை போதை என்ற இன்னொரு பிசாசைக் கொண்டுவந்தது. மாத்திரையிலிருந்து ஹெராயின், அதிலிருந்து ஃபென்டனில். அளவு மீறி இறந்தவர்களின் பிள்ளைகளைத் தாத்தா பாட்டிகள் வளர்க்கிறார்கள்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் மெடிகெய்டின் எதிர்காலத்தை மாற்றப்போகிறது. உடல் திடமானவர்கள் காப்பீட்டைத் தக்கவைக்க, 2027 முதல் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ செய்ததாகக் காட்ட வேண்டும். வேலையின்மை மிகுந்த கவுண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் மாநிலம் கேட்க வேண்டும், மத்திய அரசு ஒப்ப வேண்டும். கிராமப்புற மருத்துவத்துக்கு ஐந்தாண்டில் 5,000 கோடி டாலர் தருவதாகவும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் கட்டடமாகவும் கருவியாகவும் மட்டும் வந்து நின்றால் மெக்டவலின் ஆயுள் கூடிவிடாது. சாலை, தண்ணீர், காய்கறி, சம்பளம் ஆகியவற்றோடு சேர்ந்து வந்தால்தான் கூடும். மருத்துவமனைச் சுவருக்குள் மட்டும் தேடுகிறவர்களுக்கு அந்தப் பதினெட்டு ஆண்டு கிடைக்காது.