எழுதித் தருபவருக்குத் தமிழ் தெரிய வேண்டும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், பார்வை மிக மங்கலான ஒரு தங்கை மலேசியாவின் எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தயாராகிறாள். கொழுந்து வேலை முடிந்து வந்த அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் பதில் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். பள்ளியா, பல்லியா? வேகத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. எந்த லகரம் என்று நிறுத்திக் கேட்பதற்குள் அவள் மனசில் கோத்து வைத்த அடுத்த வாக்கியம் அறுந்துவிடுகிறது.

தேர்வறையில் கூடுதல் நேரம் கேட்பதைச் சலுகை என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த நேரம் இப்படித்தான் கரைகிறது. இந்தியாவில் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்றன. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், 40 விழுக்காடு குறைபாட்டுச் சான்று இல்லை என்பதற்காக எழுதித் தருபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. கல்வியில் அவர்களுக்கேற்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. மீறினால் தண்டனை? அந்தச் சட்டத்தில் இல்லை. 41ஆம் பிரிவோ வழக்கிலிருந்து அரசாங்கத்தைக் காக்கிறது.

அதனால் பெற்றோரே, பள்ளியில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேளுங்கள். தமிழ்த் தாளுக்கு எழுதித் தருபவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியுமா என்றும் கேளுங்கள். கேமரன் மலையின் தானா ராத்தா, ரிங்லெட் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் பயிற்சிக்கு வர முடிந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள்.