எதிரியின் சொத்து யாருக்கு?

வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருமலைக்குப் போகும் தமிழ்நாட்டுப் பக்தர்களுக்குச் சித்தூரும் திருப்பதியும் ஒரே பாதையில் வரும் இரண்டு ஊர்கள், அவ்வளவுதான். நடுவில் சுமார் 70 கிலோமீட்டர். 1914 ஆகஸ்டில் இந்த எழுபது கிலோமீட்டருக்குள் ஒரு போர்முனைக் கோடு விழுந்தது. சித்தூரில் பள்ளிக்கூடம் நடத்திய பாதிரிமார்கள் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த அமெரிக்கர்கள். அவர்களை யாரும் தொடவில்லை. திருப்பதியிலும் காளஹஸ்தியிலும் நாயுடுபேட்டையிலும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் ஜெர்மனியின் ஹெர்மான்ஸ்பர்க் மிஷன்காரர்கள். முதல் உலகப்போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசுக்கு அவர்கள் எதிரிகளாகிவிட்டார்கள்.

இந்த மிஷன் தெலுங்கு நாட்டில் கால் வைத்தது 1865-ல், சூளூர்பேட்டையில். தொடங்கியவர் ஆகஸ்ட் மிலியுஸ் என்ற பாதிரியார். பிறகு அரை நூற்றாண்டில் சேர்ந்தது சில மாதா கோயில்கள், பள்ளிகள், பங்களாக்கள், கொஞ்சம் நிலம். கெய்சரின் பீரங்கிகளுக்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சட்டம் அதையெல்லாம் பார்க்காது, சொந்தக்காரர் எந்த நாட்டுக்காரர் என்று மட்டும்தான் பார்க்கும். இந்தியாவில் இருந்த ஜெர்மன் மிஷனரிகளில் பலர் அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார்கள். 1915-16-ல் பலரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கப்பலின் பெயர் ‘கோல்கொண்டா’. பெயராவது தெலுங்கு மண்ணுடையதாக இருந்தது!

இந்தப் பழைய கதையை இப்போது தூசி தட்ட ஐரோப்பா ஒரு காரணம் கொடுத்திருக்கிறது. 2022-ல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 21,000 கோடி யூரோவை முடக்கியது. பெரும்பகுதி பிரஸ்ஸல்ஸில் உள்ள யூரோகிளியர் என்ற நிறுவனத்தின் கணக்கில் கிடக்கிறது. அதை ஈடாக வைத்து உக்ரைனுக்குக் கடன் கொடுத்துவிடலாம் என்றது ஜெர்மனி. முடியாது என்றார் பெல்ஜியத்தின் பிரதமர் பார்ட் டி வெவர். நாளைக்கு ஏதாவது ஒரு கோர்ட் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொன்னால் கட்டப்போவது யார் என்பது அவருடைய கேள்வி. அமெரிக்காவின் கணக்கு வேறு. 2025 நவம்பரில் வெளியான அதன் சமாதானத் திட்டத்தில், முடக்கிய பணத்தில் 10,000 கோடி டாலரை எடுத்து உக்ரைனைச் சீரமைக்கலாம், லாபத்தில் பாதி தனக்கு வேண்டும் என்று இருந்தது. டிசம்பரில் ஒன்றியத்தின் தலைவர்கள் விடிய விடியப் பேசினார்கள். கடைசியில் ரஷ்யப் பணத்தைத் தொடாமல், தாங்களே கடன் வாங்கி 9,000 கோடி யூரோ கொடுப்பது என்று முடிவாயிற்று. ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் செக் குடியரசும் அந்தச் சுமையில் பங்கேற்கவில்லை.

நேச நாடுகள் இந்தச் சண்டையைப் போடுவது முதல் தடவை அல்ல. 1919-ன் வெர்சாய் ஒப்பந்தம், தங்கள் எல்லைக்குள் இருக்கும் ஜெர்மானியரின் தனியார் சொத்தை வைத்துக்கொள்ளவும் விற்கவும் வெற்றி பெற்ற நாடுகளுக்கு உரிமை தந்தது. இழந்தவருக்கு ஈடு கொடுக்க வேண்டியது ஜெர்மனி அரசு. கேட்க நன்றாக இருந்தது. மறு வருஷமே விரிசல் விட்டது. 1920 அக்டோபரில், நஷ்டஈட்டுத் தவணையை ஜெர்மனி வேண்டுமென்றே தவறவிட்டாலும் பிரிட்டனில் உள்ள ஜெர்மானியரின் சொத்தைக் கைப்பற்ற மாட்டோம் என்று லண்டன் அறிவித்தது. பாரீஸ் கொதித்தது. லண்டனுக்குப் பிறந்தது தர்மசிந்தனை அல்ல. பறிபோகும் என்ற பயம் இருந்தால் லண்டன் வங்கிகளில் யார் பணம் போடுவார்கள்? பெல்ஜியம் இன்று கேட்பதும் கிட்டத்தட்ட இதுதான். பணம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதோ அவருக்குத்தான் தூக்கம் வராது.

அமெரிக்காவோ முதலில் விற்றது, பிறகு யோசித்தது. ஆஸ்பிரின் தயாரித்த பேயர் கம்பெனியின் அமெரிக்கக் கிளை 1918 டிசம்பரில் ஏலத்துக்குப் போனது. அந்நாட்டில் தன் பெயரையே முழுமையாக மீட்க பேயருக்கு 1994 வரை ஆயிற்று. ஆனால் 1928-ல் அமெரிக்க காங்கிரஸ் கொண்டுவந்த சட்டம், பிடித்துவைத்த ஜெர்மன் சொத்தில் 80 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

திருப்பதிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. மிஷன் சொத்துகளுக்கென்று வெர்சாயில் தனியாக ஒரு பிரிவு உண்டு, 438. அதன்படி, சொத்து அரசு கஜானாவுக்குப் போகக்கூடாது, அதே நம்பிக்கை உள்ள தர்மகர்த்தாக்களிடம் போக வேண்டும், அதே பணிக்கே பயன்பட வேண்டும். தன் மிஷன்களின் சார்பில் எல்லா உரிமைகளையும் ஜெர்மனி விட்டுக்கொடுத்தது. லூத்தரன் சொத்து லூத்தரன் கைக்கே, அதாவது அமெரிக்காவின் ஓஹையோ சினாடுக்குப் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடம் மூடப்படவில்லை, ஏலம் போடப்படவில்லை. கட்டியவர்களுக்கு மட்டும் அது திரும்பக் கிடைக்கவில்லை. ஹெர்மான்ஸ்பர்க்காரர்கள் தெலுங்கு நாட்டை விட்டுவிட்டு 1920-களின் கடைசியில் எத்தியோப்பியாவுக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போனதிலிருந்து வளர்ந்த தென் ஆந்திர லூத்தரன் திருச்சபையின் தலைமையகம் திருப்பதியில்தான் இருக்கிறது.

அன்று ஒரு பாதிரியாரின் பங்களாவை எடுத்துக்கொள்ளத் தயங்காத நேச நாடுகள், இன்று ஒரு படையெடுத்த அரசின் சொந்தக் கஜானாவைத் தொடக் கை நடுங்குகின்றன. எடுப்பதென்றால் நியாயமாக எடுக்க வேண்டியது இரண்டாவதைத்தான். ஆனால் பாதிரியாரால் திருப்பி அடிக்க முடியாது. ரஷ்ய மத்திய வங்கி 2025 டிசம்பரிலேயே யூரோகிளியர்மீது மாஸ்கோவில் வழக்குப் போட்டுவிட்டது.

ஐரோப்பாவைப் பார்த்து நாம் சிரிப்பதற்கும் இடமில்லை. 1965 யுத்தத்தில் கைப்பற்றிய சொத்துகளைத் திருப்பித் தருவது பற்றிப் பேசலாம் என்று 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்புக்கொண்டன. அந்தப் பேச்சு பலிக்கவில்லை. 1968-ல் நம் நாட்டில் எதிரிச் சொத்துச் சட்டம் வந்தது. மஹ்மூதாபாத் ராஜாவின் மகன் இந்தியக் குடிமகன் என்பதால் சொத்து அவருக்கே என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2017-ல் நாடாளுமன்றம் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தி, அவருக்குக் கிடைத்ததை மறுபடியும் காப்பாளரின் கையில் சேர்த்துவிட்டது.