செங்கல்பட்டில் போட்ட தீர்மானம்

பிரெஞ்சுப் புரட்சி என்றால் எல்லோருக்கும் பாரிஸ். எனக்குச் செங்கல்பட்டு. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

முன்னோர் சொன்னதாகவே இருந்தாலும் அறிவுக்கு ஒத்துவந்தால்தான் ஏற்க வேண்டும் என்ற பேச்சு வால்டேர் காலத்தில் பிரான்சில் சூடுபிடித்தது. 1880களில் சென்னையில் ‘தத்துவவிவேசினி’ என்ற வாரப் பத்திரிகை அதைத் தமிழில் பேசியது. பெரியார் ‘குடி அரசு’ வழியே ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. சாதிப் பட்டத்தை விடுவது, பெண்ணுக்கு விவாகரத்து உரிமை, ஆணுக்குச் சமமாகச் சொத்து என்று தீர்மானங்கள் போட்டார்கள்.

1789இல் பாரிஸ் அறிவித்த உரிமைகளில் பெண்ணுக்கு இடமில்லை. 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜின் தலையை 1793இல் வெட்டினார்கள். அந்த விஷயத்தில் நம் செங்கல்பட்டு ஒரு படி மேல் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆனால் சொத்துத் தீர்மானம் சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று. 1989இல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. எனக்கு 1974இல் கல்யாணம். கடைசித் தங்கைக்கு 1991இல். ஒரே அப்பா, ஒரே நிலம், அவளுக்குப் பங்கு உண்டு, எனக்கு இல்லை! 2005இல் மத்தியச் சட்டம் வந்துதான் அந்தப் பேதம் போனது.

இன்று முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் நெல் விளைந்த நிலமெல்லாம் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. பத்திரம் எழுதுபவர் மேஜை முன்னால் அக்கா தங்கைகள் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் காபி வாங்கிக் கொடுப்பார். “இங்க ஒரு கையெழுத்தும்மா” என்றதும், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் போட்டுவிடுவார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. நாளைக்குப் புருஷன் வீட்டில் ஒன்று என்றால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டாமா? கொடுக்கிறதைத் தெரிந்து கொடு என்று மட்டும்தான் எங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்வேன். எத்தனை சென்ட், வழிகாட்டி மதிப்பு என்ன, கேட்டுக்கொள்.

போன தை மாசம் நாத்தனார் மகள் பத்திரத்தைக் கையில் வாங்கி முதல் வரியிலிருந்து படித்தாள். அண்ணன் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தான்; அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு மனையைத் தன் பேருக்கு மாற்றி எழுதச் சொன்னாள். மீதிக்கு மறுவாரம் வந்து கையெழுத்துப் போட்டாள்.