மாடு இருக்கிற வீட்டுப் பொங்கல்

தை ஒண்ணாம் தேதி பட்டணத்து நண்பர்கள் போனில் பொங்கல் வாழ்த்துச் சொல்வார்கள். சந்தோசம்தான். ஆனா எங்க கொங்குப் பக்கம் அன்னிக்குப் பெரிய சத்தம் இருக்காது. வாசலில் ஒரு பானை பொங்கல் வைத்துச் சூரியனைக் கும்பிட்டால் முடிந்தது. எங்களுக்குப் பெரிய நோம்பி அடுத்த நாள் பட்டிப் பொங்கல்தான். அன்னிக்கு வீட்டுக்காரனை விட மாட்டுக்குத்தான் மரியாதை.

வேலை மார்கழிக் கடைசி நாளே தொடங்கிவிடும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டுக் கூரை, கட்டுத்தரை, தோட்டத்து மூலை என்று எல்லா இடத்திலும் சொருகுவோம். காப்புக் கட்டுறது என்று பேர். அப்பா கவலை மரத்துக்குக் கட்டியதை நான் மோட்டார் பெட்டிக்குக் கட்டுகிறேன்.

அப்பா காலத்தில் பட்டியில் ஆறு உருப்படி இருந்தது. அதில் ஒரு ஜோடி காங்கேயம் எருது, கண்ணபுரம் சித்திரைச் சந்தையில் பிடித்து வந்தது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாசம் ஆனால் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். கோடை லீவுக்கு வந்துபோன அத்தை மகன் தீபாவளிக்கு மறுபடி வந்து, "என்ற செவப்புக் கன்னுக்குட்டிய யாருக்கு வித்தீங்க?" என்று எங்க அப்பாவிடமே சண்டை போட்டான்.

இப்போ பட்டியில் ஒரு கலப்பின மாடும் அதனோட எட்டு மாசக் கிடாரிக் கன்னும்தான். ஏர் ஓட்ட டிராக்டர் வாடகைக்கு வருது, தண்ணிக்கு மோட்டார் இருக்கு. எருதுக்கு வேலை இல்லை.

இந்தப் பொங்கலுக்கு மகன் குடும்பம் பெங்களூரிலிருந்தும், மகள் திருப்பூரிலிருந்தும் வந்துட்டாங்க. பேரன் கொம்புக்கு அடிக்கச் சிவப்பு, நீலம் என்று ரெண்டு டப்பா பெயிண்ட்டோடு இறங்கினான். நேரா கட்டுத்தரைக்கு ஓடினவன் அதே வேகத்தில் திரும்பி வந்தான்.

"தாத்தா, மாட்டுக்குக் கொம்பே இல்ல!"

கலப்பின மாடுகளுக்குக் கன்னுக்குட்டியிலேயே கொம்பு முளைக்கிற இடத்தைச் சுட்டுவிடுகிறார்கள் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் போய், நான் பால் கேன் கொண்டுபோகிற மொபெட்டின் ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமும் அடித்துவிட்டான். இதுக்குத்தான் ரெண்டு கொம்பு இருக்காம். நானும் அழிக்கவில்லை. சொசைட்டியில் தினமும் ஒருத்தராவது, "என்னுங்க, காளை பால் கறக்குதா?" என்று கேட்கிறார்கள்.

சாயங்காலம் பட்டியில் சாணியால் வரப்புக் கட்டிச் சின்னதாகத் தெப்பக்குளம் செய்தோம். தண்ணி ஊற்றி ஆவாரம்பூ மிதக்கவிட்டு, பக்கத்திலேயே பொங்கல் வைத்தோம். பொங்கினதும் கன்னை அந்தத் தெப்பக்குளத்தை மிதித்துத் தாண்ட வைக்கணும். கன்னு நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டது. மகன் முன்னால் இழுக்க, மருமகன் பின்னால் தள்ள, ரெண்டு பேர் வேட்டியும் சாணி. கடைசியில் பேரன் வாழைப்பழத்தைக் காட்டிக்கொண்டே தெப்பக்குளத்தில் தொப்பென்று குதித்தான். கன்னும் பின்னாலேயே குதித்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது.

மாட்டுக்குப் பொங்கலும் பழமும் ஊட்டிவிட்டு உட்கார்ந்தபோதுதான் மகன் பேச்சை எடுத்தான்.

"அம்மாவுக்கு முட்டிவலி. உங்களுக்கும் வயசாகுது. மாட்டைக் குடுத்துட்டு எங்ககூட வந்து ரெண்டு மாசம் இருங்கப்பா."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கு. விடிகாலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, தீவனம் வைத்து, பால் கறந்து கொண்டுபோய் ஊத்தணும். சாயங்காலம் மறுபடியும். ரெண்டு வேளையும் சேர்த்து ஆறு லிட்டர் பால். புண்ணாக்கு, தவிட்டுச் செலவு போக மிஞ்சுவது கொஞ்சம்தான். நானும் என் சம்சாரமும் சேர்ந்து ஒரு ராத்திரி வெளியூரில் தங்கிப் பல வருசம் ஆச்சு. பெங்களூரில் மகன் வாங்கின வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனதுகூட அவள் மட்டும்தான்.

எங்க அம்மாதான் முதலில் வாய் திறந்தது. "அஞ்சு மாசச் சினை மாட்ட விக்கிறதாடா கண்ணு?"

"ஆத்தா, போன பொங்கலுக்கும் சினைன்னுதான சொன்னீங்க?"

"அதுக்கு நா என்ன பண்றது? அது வருசா வருசம் சினையாகுது."

எல்லாரும் சிரித்துவிட்டோம். என் சம்சாரம் மட்டும் பானையைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "மாடு இருக்கிறதால நாங்க எங்கயும் வர முடியல, வாஸ்தவம். மாடு இல்லீன்னா இந்தப் பட்டிக்கு நீங்க யாராச்சும் வருவீங்களா?"

மகன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாட்டப் பாத்துக்க ஒரு வாரத்துக்கு ஆள் கெடைக்குமாப்பா?" என்று கேட்டான். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். மறுநாளே கேட்டும்விட்டேன். சரி என்று சொல்லியிருக்கிறார். மாடு வைகாசியில் கன்னு போடும். அதுக்கு முன்னே பங்குனியில் ஒரு வாரம் நாங்கள் ரெண்டு பேரும் பெங்களூர் போவதாக இருக்கிறோம். என் சம்சாரம் இப்பவே அந்த மனுசருக்கு மாட்டோட குணத்தைப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள்.